"அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்கிறார் குடியிருப்பவர்!

வீடு, வாடகை தொடர்பான வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், மதுரையில் வாடகை வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதுரையில் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறேன். மாடியை 9,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். அட்வான்ஸ் 60,000. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். முதலில் போட்ட 11 மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. இத்தனை நாளும் 5-ஆம் தேதிக்குள் அந்தந்த மாத வாடகையைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள். அவர் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் அந்த வேலை போய்விட்டது. இப்போது வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறார். ஜூலையில் 6,000 கொடுத்தார். ஆகஸ்டில் 5,000, செப்டம்பரில் 7,000, அக்டோபரில் 5,000, இந்த நவம்பரில் 4,000. கேட்டால், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கம்மா" என்கிறார். புனேயில் இருக்கும் என் மகன், "மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, தானா காலி பண்ணிடுவாங்க" என்கிறான். அந்தப் பெண் என்னை வாய் நிறைய 'அம்மா' என்று கூப்பிடுகிறவள். படியில் எதிரே வந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: டீச்சர், மகன் சொன்னதை முதலில் ஓரம் வைத்துவிடுவோம். மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, மாடிக் கதவில் இன்னொரு பூட்டுப் போடுவது, இதில் எதைச் செய்தாலும் அந்த நிமிடமே தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 20-ஆவது பிரிவில் இதைத் தடுத்திருக்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது. தானும் செய்யக்கூடாது, ஆள் வைத்தும் செய்யக்கூடாது. வாடகை பாக்கி இருந்தால் நிறுத்தலாம் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி புகார் கேட்கிற அரசு அதிகாரி) ஒரு மனு கொடுத்தால் போதும், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வரும். புனேயிலிருந்து சொல்வது சுலபம். தினமும் படியில் முகம் பார்க்கப்போவது நீங்கள்.

அப்புறம் கணக்கு. உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்துப் போட்டேன். ஐந்து மாதத்துக்கு வரவேண்டியது 45,000. வந்தது 27,000. பாக்கி 18,000. இதை எல்லோரும், "ஐந்து மாதமும் குறைவாகத் தந்தார்" என்றுதான் சொல்வார்கள். சட்டம் வேறு மாதிரி பார்க்கும். கொடுக்கிறவர் எந்த மாதத்துக்கு என்று சொல்லாமல் பணம் கொடுத்தால், வாங்குகிறவர் அதை எந்தப் பாக்கியில் வேண்டுமானாலும் வரவு வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை என்றால் மூத்த பாக்கியில்தான் முதலில் கழியும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள். அதன்படி ஆகஸ்டில் தந்த 5,000-இல் 3,000 ஜூலை பாக்கிக்குப் போயிற்று, 2,000 ஆகஸ்டுக்கு. செப்டம்பரில் தந்த 7,000 ஆகஸ்டை முடித்தது. அக்டோபரில் வந்த 5,000, நவம்பரில் வந்த 4,000 இரண்டும் சேர்ந்து செப்டம்பரை முடித்தன. ஆக, இன்றைய நிலவரம் என்ன? ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் முழு வாடகையும் வந்துவிட்டது. அக்டோபருக்கும் நவம்பருக்கும் ஒரு பைசா வரவில்லை.

இது வெறும் பேனா வித்தை என்று நினைக்காதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, எழுத்தில் கேட்டும் ஒரு மாதத்துக்குள் வரவில்லை என்றால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது வாடகைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. உங்கள் கணக்கு அந்தக் கோட்டில்தான் வந்து நிற்கிறது. ஒன்று மட்டும் பாருங்கள்: அவர் ஜிபேயில் அனுப்பும்போது 'நவம்பர் வாடகை' என்று குறிப்புப் போட்டு, நீங்களும் பேசாமல் வாங்கியிருந்தால், அந்தப் பணம் அந்த மாதத்துக்கே போகும். அப்போது ஐந்து மாதமும் ஒவ்வொன்றிலும் குறை என்று எழுதவேண்டும். தொகை அதே 18,000-தான், எழுதுகிற விதம் மாறும்.

இப்போது உங்களிடம் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: காகிதம். குறைத்துக் கொடுத்ததைப் பேசாமல் வாங்கிவைத்துக்கொள்வதுதான் இந்த விவகாரத்தில் பெரிய ஆபத்து. ஆறு மாதம், எட்டு மாதம் போனால், "டீச்சரம்மாதான் கஷ்டம் பார்த்து வாடகையைக் குறைச்சாங்க" என்று ஒரு வாக்கியம் வரும். பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் மனதில் உண்மையிலேயே அப்படிப் பதிந்திருக்கும். என்னிடம் வருகிற வீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் வங்கிப் பாஸ்புத்தகத்தைத் தவிர வேறெதுவும் கொண்டுவருவதில்லை. அதில் 5,000 வந்தது தெரியும். மீதி 4,000-ஐ விட்டுக்கொடுத்தீர்களா, கேட்டீர்களா என்பது தெரியாது.

அதனால் இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். கோபம் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். இந்த அளவு போதும்: "இந்த மாதம் உங்களிடமிருந்து ரூ.4,000 வந்தது. இதோடு செப்டம்பர் வாடகை முடிந்தது. அக்டோபர், நவம்பர் வாடகை ரூ.18,000 பாக்கி. மாத வாடகை ரூ.9,000, அதில் மாற்றம் இல்லை." இனி எப்போது எவ்வளவு வந்தாலும் இதே மாதிரி ஒன்று போகவேண்டும். ரொக்கமாகத் தந்தால் ரசீது எழுதிக் கொடுங்கள், அடிக்கட்டையில் அவர் கையெழுத்தோடு. ரசீது கொடுப்பது எப்படியும் உங்கள் கடமைதான்.

சரி, அந்த அட்வான்ஸ். "கழிச்சுக்கோங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டு உங்கள் மகனுக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழக்கிவிட்டார்கள். நம் ஊரும் அந்த வழியில்தான் போகிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்பது புதுச் சட்டம் வைத்த அளவு. உங்கள் வீட்டுக்கு அது 27,000. கையில் 60,000 இருக்கிறது. அவர் பணம் 33,000 கூடுதலாக உங்களிடம் இருக்கும்போது, 18,000-க்காக அவர் பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வேண்டுமா என்று அவர் மனைவி கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

ஆனால் வாயால் சொல்லி மாதாமாதம் கழிக்க விட்டால், ஒருநாள் அட்வான்ஸும் தீர்ந்து, உடைந்த வாஷ்பேசினும் கட்டாத ஈபி பில்லும் உங்கள் தலையில் நிற்கும். வெள்ளையடிக்கிற செலவு தனி. அதனால் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். அவர்கள் இருக்கட்டும் என்று நினைக்கிறீர்களா, போகட்டும் என்று நினைக்கிறீர்களா? இதை முடிவு செய்யாமல் எந்த வேலையும் தொடங்காதீர்கள். ஏனென்றால் இருக்கட்டும் என்றால் பாக்கியை அட்வான்ஸில் கழிக்கலாம். போகட்டும் என்றால் ஒரு ரூபாய்கூடக் கழிக்கக்கூடாது. கழித்த நிமிடமே பாக்கி இல்லாமல் போகும், நோட்டீசுக்குக் காரணமும் இல்லாமல் போகும்.

உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் இருக்கட்டும் என்றுதான் மனசு சொல்கிறது. அது தப்பே இல்லை. நல்லபடியாக வாடகை தந்த குடும்பம், வேலை போன பிறகும் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று கொண்டுவந்து கொடுக்கிறார், ஒளிந்து ஓடவில்லை. புதிதாக வருகிறவர் இவரைவிட நல்லவராக இருப்பார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? ஆள் வருகிறவரை ஒன்றிரண்டு மாதம் வீடு சும்மா கிடந்தாலே 18,000 போய்விடும். புரோக்கர் கமிஷன் வேறு.

அப்படியென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன், மனைவி இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். மனைவி கட்டாயம் இருக்கவேண்டும். வீட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். படியில் நின்று பேசவேண்டாம், பக்கத்து வீட்டுக்கு மெகா சீரியல் தேவையில்லை. "எப்ப தருவீங்க?" என்று கேட்காதீர்கள். "ஆட்டோ வாடகை, கேஸ் போக ஒரு நாளைக்கு என்ன நிக்குது?" என்று கேளுங்கள். அவர் இப்போது மாதச் சம்பளக்காரர் இல்லை, அன்றாடம் காசு பார்ப்பவர். 5-ஆம் தேதி 9,000 எடுத்துவை என்றால் அவரால் முடியாது. அதற்குள் பள்ளிக்கூடம், மளிகை, வட்டிக்காரர் எல்லோரும் முந்திவிடுவார்கள். ஆனால் மாதத்தில் நான்கு தவணை, ஒவ்வொன்றும் 2,250 என்றால் முடியலாம். நான் பார்த்தவரை தினக்கூலிக்காரர்களிடம் இது பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது. நீங்கள் கொஞ்சம் அடிக்கடி ரசீது எழுதவேண்டும், அவ்வளவுதான். ஆசிரியைக்கு எழுதுவது பாரமா என்ன?

அவர் ஒப்புக்கொண்டால் புதிய ஒப்பந்தம் போடுங்கள். அதில் எழுதவேண்டியது: மாத வாடகை 9,000, நவம்பர் வரை பாக்கி 18,000 என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார், அதை இந்த ஒருமுறை மட்டும் அட்வான்ஸில் கழித்து, அட்வான்ஸ் 42,000 ஆகிறது, இனிமேல் வாடகைக்காக அட்வான்ஸில் கை வைக்க முடியாது. இந்தக் கடைசி வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற இந்தச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போடுவதும் பதிவதும் கட்டாயம். அரசின் இணையதளத்திலேயே பதியலாம். "11 மாதம்தானே, பதிவு வேண்டாம்" என்று பத்திர எழுத்தர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு மட்டும் அது சரி. வாடகை அதிகாரியிடம் செல்லாது.

அவர் பேச வரவில்லை, வந்தும் கையெழுத்துப் போடவில்லை, அல்லது ஒப்புக்கொண்ட பிறகும் மறுபடி இரண்டு மாத வாடகை பாக்கி நின்றுவிட்டது என்றால், அதற்கப்புறம் கூச்சப்படாதீர்கள். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். கழிக்காத பாக்கி, மாத விவரத்தோடு. ஒரு மாத அவகாசம். எழுத்தில் ஒப்பந்தம் போட மறுத்தால் அதையும் சேர்த்து எழுதவேண்டும், அதுவே தனியாக ஒரு காரணம். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் கையெழுத்து ஒப்புகை வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். தபாலை அவர் வாங்கவில்லை என்றால் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் நேரில் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கதவில் ஒட்டலாம். ஒட்டினால் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக அவரை வெளியேற்ற முடியாது. நல்லதுதானே, பணம் வந்துவிட்டது. ஆனால் ஒருமுறை இப்படித் தப்பியவர் பிறகு ஒரு வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால் மறுபடி அந்தச் சலுகை கிடையாது. கட்டவே இல்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு. கவனியுங்கள், வாடகை அதிகாரி வேறு, வாடகை நீதிமன்றம் வேறு. அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர். பதிவு, தண்ணீர் மின்சாரப் புகார் போன்றவை அவரிடம். காலி செய்யச் சொல்லும் உத்தரவு நீதிமன்றத்தில்தான் கிடைக்கும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வாடகை பாக்கியில் அவர்களுக்கு வேலை இல்லை. யாராவது பேசி முடித்துத் தருகிறேன் என்றால் அதற்குக் கட்டப் பஞ்சாயத்து என்று பெயர்.

அவர்களே போகிறோம் என்றால் மார்கழியில் போகச் சொல்லாதீர்கள், எங்கேயும் வீடு கிடைக்காது. குடித்தனம் மாற யாரும் ஒப்பமாட்டார்கள். தை பிறந்ததும் ஒரு தேதி போடுங்கள். பிள்ளைகள் பரீட்சை முடிந்து மே மாதம் என்று கேட்டால், அதுவரை தவணை ஒழுங்காக வந்தால் சரி என்று எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, கேட்பதற்கு மன்னிக்கவும்: அந்த அறுபதாயிரம் இப்போது எங்கே இருக்கிறது? பல வீடுகளில் அது படிக்கட்டு கிரில்லாகவும் பேத்தியின் வளையலாகவும் மாறியிருக்கும். "அட்வான்ஸைக் கொடுங்க, நாளைக்கே போறேன்" என்று அவர் சொன்னால் அன்றைக்கு உங்களிடம் காசு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவரை அனுப்ப முடியாமல் போவதற்கு அவர் காரணமாக இருக்கமாட்டார். நோட்டீஸ் போடும் முன் அந்தத் தொகையை வங்கியில் தனியாக எடுத்துவையுங்கள்.

கேள்வி: நான் வாடகைக்குக் குடியிருப்பவன். மில்லில் ஓவர்டைம் நின்றுபோனதால் இரண்டு மாதம் வாடகையில் கொஞ்சம் குறைந்தது. இப்போது முழு வாடகையோடு பழைய பாக்கியும் சேர்த்துக் கொடுக்கப் போனால் வீட்டு ஓனர் வாங்க மறுக்கிறார். "காலி பண்ணிட்டுப் போ, கூட வாடகைக்கு ஆள் இருக்கு" என்கிறார். ஜிபே நம்பரையும் மாற்றிவிட்டார்.
- ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, அவர் உங்களைப் பாக்கிக்காரர் ஆக்கப் பார்க்கிறார். பழைய தந்திரம். நான் வீட்டுக்காரர்களுக்காகவும் வழக்கு நடத்துகிறவள்தான், ஆனால் இதை ரசிக்க முடியாது. பணத்தை வாங்காமல் இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "வாடகையே தரவில்லை" என்று மனு போடுவார்கள்.

பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், அதுதான் அவருக்கு வேண்டும். வாடகையை மணியார்டரிலோ, அவருடைய பழைய வங்கிக் கணக்கு எண் தெரிந்தால் அதிலோ அனுப்புங்கள். எந்த மாதத்துக்கு என்று கட்டாயம் எழுதுங்கள். மணியார்டர் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தால் அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் இப்படி அனுப்பியும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடமே வாடகையைக் கட்டலாம். சட்டத்தின் 14-ஆவது பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு உங்களைப் பாக்கிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்துவிட்டது, புதிய வாடகையில் உங்களுக்கும் அவருக்கும் உடன்பாடு வரவில்லை என்றால், வாடகையை ஒழுங்காகக் கட்டினாலும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. அக்கம்பக்கத்தில் இதே அளவு வீட்டுக்கு என்ன போகிறது என்று விசாரியுங்கள். 500, 1,000 வித்தியாசம்தான் என்றால் கொடுத்துவிட்டுப் புதிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சாமான் ஏற்றும் வண்டிக் கூலியும் புது அட்வான்ஸும் அதைவிடக் கூட வரும்.

கேள்வி: குடியிருப்பவர் வீட்டுக்கு வந்து 11 வருடம் முடியப்போகிறது. "12 வருஷம் ஆனால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும், உடனே காலி பண்ணச் சொல்லுங்க" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். வாடகை ஒழுங்காக வருகிறது.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஒழுங்காக வருகிறதே, அப்புறம் ஏன் பயம்? நீங்கள் அனுமதித்து உள்ளே வந்தவர், வாடகை கொடுக்கிறவர், எத்தனை வருடம் இருந்தாலும் குடியிருப்பவர்தான். அந்த 12 வருடக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து, இது என்னுடையது என்று பகிரங்கமாக அனுபவிப்பவர்களுக்கு. ஒவ்வொரு மாதமும் உங்களிடம் வாடகை கொடுத்து ரசீது வாங்குகிறவர் அதை எப்படிச் சொல்வார்?

நீங்கள் பயப்படவேண்டிய காலக்கெடு வேறு ஒன்று, மூன்று வருடம். வாடகை பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க அவ்வளவு காலம்தான். நல்ல குடித்தனக்காரரைச் சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதை மட்டும் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவியின் தம்பிக்கு எங்கள் வீட்டின் பின்பக்கத்தை 7,000 ரூபாய் வாடகைக்கு விட்டேன். நான்கு வருடமாக மாதம் 3,000 மட்டும் கொடுக்கிறார். "மாமா, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார். ஒப்பந்தம் இல்லை. இப்போது கார் வாங்கியிருக்கிறார். கேட்கலாம் என்றால் என் மனைவி, "தம்பிகிட்ட போய் வாடகை கேட்பீங்களா?" என்று சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறார்.
- ஒரு வாசகர், சேலம்

பதில்: கார் வாங்கியதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அங்கேதான் வலிக்கிறது, புரிகிறது.

சட்டத்தில் உங்கள் நிலைமை நீங்கள் நினைக்கிற அளவு மோசமில்லை. நான்கு வருடத்தில் 1,44,000 வந்திருக்கிறது, 1,92,000 வரவில்லை. மேலே டீச்சருக்குச் சொன்ன அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். எந்த மாதத்துக்கு என்று சொல்லாமல் கொடுத்த பணம் மூத்த பாக்கியில் கழிந்தால், முதல் 20 மாத வாடகை முழுசாக முடிந்து, 21-ஆவது மாதத்துக்கும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மீதிப் பாக்கி எல்லாம் அதற்குப் பிந்திய மாதங்களுக்கு, அதாவது மூன்று வருடத்துக்கு உட்பட்டது. காலாவதியானது என்று அவர் வாதாடினால் நாம் இதை எடுத்துவைக்கலாம்.

ஆனால் நீங்கள் மச்சானுக்கு வக்கீல் நோட்டீஸ் விடமாட்டீர்கள், விடவும் வேண்டாம். உங்களுக்கு வழக்கைவிடத் தேவை, வீட்டம்மாவோடு ஒரு பேச்சு. "தம்பிக்கு மாசம் 4,000 உதவி செய்யறோம். இது வாடகை பாக்கி இல்லை, நாம கொடுக்கிற பணம். இதை எத்தனை நாளைக்குக் கொடுக்கலாம், நீயே சொல்லு" என்று கேளுங்கள். தம்பிக்கு உதவுவது வேறு, தம்பி ஏமாற்றுவது வேறு என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இத்தனை நாளாக அவரிடம் யாரும் தொகையைச் சொல்லியிருக்கமாட்டார்கள். இரண்டு லட்சத்தை எட்டுகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

பழைய பாக்கியைப் பற்றி என் யோசனை: விட்டுவிடுங்கள். ஆனால் விட்டுவிட்டதை வாயால் சொல்லி விடுங்கள், அவர் முன்னாலும் அக்கா முன்னாலும். வரும் தை முதல் 7,000, எழுத்தில். அது முடியாது என்றால், எவ்வளவு முடியுமோ அதை வாடகையாக வைத்து ஒப்பந்தம் போட்டு, நீங்களும் மனசுக்குள் கணக்கு எழுதுவதை நிறுத்திக்கொள்ளுங்கள். மனசுக்குள் 7,000, வெளியே 3,000 என்று நான்கு வருடம் ஓட்டியதில்தான் இந்தக் கார் உங்கள் கண்ணை உறுத்துகிறது.

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் எங்கள் கிராமத்தில் பூர்வீக வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்று மாதமாகப் பாதி வாடகைதான். நான் திருச்சியில் இருக்கிறேன். வாடகை அதிகாரியிடம் போகலாம் என்று ஒருவர், கிராமத்துக்கு அந்தச் சட்டமே கிடையாது என்று இன்னொருவர். எது சரி?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டாமவர் சொன்னதுதான் சரி. 2017 சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்குத்தான். உங்கள் வீடு கிராம ஊராட்சிக்குள் இருந்தால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படிதான் போகவேண்டும். முதலில் வீட்டு வரி ரசீதை எடுத்து, எந்த ஊராட்சி என்று பாருங்கள். ஊர் வளர்ந்து பேரூராட்சியோடோ மாநகராட்சியோடோ சேர்க்கப்பட்டிருந்தால் பதில் மாறிவிடும்.

கிராம ஊராட்சிதான் என்றால், மாத வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 106-ஆவது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் போதும். அது வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடியவேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2002 திருத்தத்தில் அது போய்விட்டது. நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள். அதற்குப் பிறகும் காலி செய்யவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. காலி செய்யச் சொல்லியும் பாக்கி கேட்டும் ஒரே வழக்காகப் போடலாம். நகரத்து வாடகை நீதிமன்றம்போல வேகமாக நகராது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நோட்டீஸ் அனுப்பிய பிறகு அவர் வாடகை கொடுத்தால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால், "குடியிருப்பு முடிந்தது, இது வீட்டை அனுபவிப்பதற்கான தொகை, நோட்டீசைத் திரும்பப் பெறவில்லை" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அப்படி எழுதாமல் வாடகை என்று வாங்கினால், நீங்களே நோட்டீசைக் கைவிட்டீர்கள் என்று வாதாடுவார்கள். திருச்சியில் இருந்துகொண்டு ஊரில் உள்ள பங்காளியை வசூல் செய்யச் சொல்லியிருந்தால் இதை அவருக்கும் சொல்லிவையுங்கள். ரசீதுப் புத்தகம் அவர் கையில்தான் இருக்கும்.